நம் மலேசியத் தேசியக் கூடைப்பந்து அணி ஏன் இப்படித் தேங்கிக் கிடக்கிறது?

பட்டர்வொர்த்காரன்
வியாழன், இரவு 11.20

வணக்கம். இங்கே கால்பந்தும் பூப்பந்தும்தான் அதிகம் பேசுகிறோம். கூடைப்பந்து என்றால் யாராவது பதில் சொல்வார்களா தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன், மூன்று வாரமாக மனதில் கிடந்து உறுத்துகிறது.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வீடு பட்டர்வொர்த்தில். மகனுக்குப் பதினாறு வயது, படிவம் 4. உயரம் 184 சென்டிமீட்டர். என் பக்கமும் சரி, அவன் அம்மா பக்கமும் சரி, இவ்வளவு உயரம் யாருக்கும் கிடையாது. படிவம் 1இல் ஒரு சீன நண்பன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோர்ட்டில் நிறுத்தினான். அன்றிலிருந்து பையனுக்கு வேறு விளையாட்டே இல்லை. போன ஆண்டு மாவட்ட அணிக்கு எடுத்தார்கள். ஒரே ஒரு குறை. எங்கள் தாமான் (குடியிருப்பு) கோர்ட்டில் பத்துக்கு எட்டு போடுகிறவன், மாவட்ட ஆட்டங்களில் எறிந்தால் பந்து வளையத்தின் முன் விளிம்பில் பட்டுத் திரும்புகிறது. பதற்றம்தான் காரணம் என்று இரண்டு மூன்று தடவை கடிந்தும் பேசிவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இருவரும் ரயிலேறிக் கோலாலம்பூர் போனோம். மோனோரயிலில் ஹங் துவாவில் இறங்கி, மாபா கூடைப்பந்து அரங்கத்துக்கு நடந்து போய் ஓர் ஆட்டம் பார்த்தோம். உள்ளே நுழைந்ததும் பையன் பேச்சையே நிறுத்திவிட்டான். மரத்தரையில் காலணி கீச்சிடும் சத்தத்தை அவன் நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை. அவன் விளையாடுவதெல்லாம் சிமெண்டில். திரும்பி வரும்போது, ஈப்போவைத் தாண்டியிருப்போம், திடீரென்று கேட்டான்: "அப்பா, நான் தேசிய அணியில விளையாடுற வரைக்கும் போனா, நாம யாரையாவது ஜெயிப்போமா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என் அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். 1979இல் ஜகார்த்தாவில் நடந்த சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய நாடுகளின் போட்டி) நமக்குத் தங்கம். 1989இல் கோலாலம்பூரில் மறுபடியும் தங்கம், இறுதியாட்டத்தில் பிலிப்பைன்ஸை வென்று. 1985இல் கோலாலம்பூரில் நடந்த ஆசியப் போட்டியில் நாம் நான்காவது. பிலிப்பைன்ஸ், தென்கொரியா, சீனா, அதற்கடுத்து நாம்! இன்றைக்கு அதைப் பையனிடம் சொன்னால் நம்ப மறுக்கிறான். 2015இல் சாங்ஷாவில் ஆடியதற்குப் பிறகு ஆசியக் கிண்ணத்தின் வாசலைக்கூட நம் ஆண்கள் அணி மிதிக்கவில்லை.

உயரம் போதவில்லையா? பணமா? பயிற்சியாளர்களா? விளையாட்டு ஒரே சமூகத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பதாலா? அடுத்த ஆண்டு எஸ்.பி.எம்., பள்ளியிறுதித் தேர்வு. அதற்குப் பிறகு இவனை இதில் விடலாமா, வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய_7
வெள்ளி, காலை 6.40

அண்ணே, உங்கள் பதிவை ராத்திரியே படித்தேன். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் செந்தூலில் இருக்கிறேன். இருபது ஆண்டுக்கு முன் ஒரு மாநிலத்தின் இளைஞர் அணியில் விளையாடினேன். ஜெர்சி எண் 7. இப்போது வாரத்தில் மூன்று மாலை பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன், கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் மகனின் கேள்வியை இருபது ஆண்டாக நானும் எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நான் கண்ட பதில் இது: நமக்கு உயரம் குறைவில்லை, திறமை குறைவில்லை. ஆட்டம் குறைவு. பதினேழு வயதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை நம் பையன்களுக்குக் கடுமையான ஆட்டம் ஆட இடம் இல்லை.

நம் அணி தோற்ற ஆட்டம் எதையாவது எடுத்துப் பாருங்கள், நான் சொல்லும் காட்சி அதில் எங்கேயாவது இருக்கும். நம் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர், பந்தை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். எதிரணிக்காரர் ஒருவர் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறார். கையை நீட்டவில்லை, நெஞ்சைக் கொடுத்து வழியை மட்டும் அடைக்கிறார். நம்மவர் கொஞ்சம் கொஞ்சமாக ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுங்குகிறார். நடுக்கோட்டைத் தாண்டி இரண்டடி வைத்ததும் இன்னொருவர் பாய்ந்து வருகிறார். அந்த நேரத்தில் நம்மவர் தட்டுவதை நிறுத்திப் பந்தை இரண்டு கையாலும் பிடித்துவிடுகிறார். அவ்வளவுதான், முடிந்தது. ஒரு பக்கம் ஓரக்கோடு, முதுகுக்குப் பின்னால் நடுக்கோடு, எதிரே இரண்டு பேர். மறுபடி தட்ட முடியாது. பின்பக்கம் கொடுக்கவும் விதி விடாது. தலைக்கு மேல் தூக்கி எங்கேயோ ஒரு பாஸ். மூன்றாவது ஆள் அதற்காகவே காத்திருக்கிறார், பறித்துக்கொண்டு ஓடிப்போய்ப் போட்டுவிடுகிறார். இரண்டு நிமிடத்தில் இது நான்கு தடவை நடந்தால் எட்டுப் புள்ளி போய்விடும். ஆறு புள்ளி வித்தியாசத்தில் சமாளித்துக்கொண்டிருந்த அணி பதினான்கில் போய் நிற்கும்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். பதினெட்டு வயதில் நானும் அதே மூலையில் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நடுவில் வா, ஓரத்துக்குப் போகாதே, ஆள் வருவதற்கு முன்பே பின்வாங்கித் தட்டு என்று பயிற்சியில் சொல்லித்தரலாம். நானும் தினமும் சொல்கிறேன். ஆனால் அது உடம்புக்குள் இறங்க ஆட்டம் வேண்டும். நூறு தடவை மாட்டியவன்தான் நூற்றி ஒன்றாவது தடவை மாட்டாமல் வெளியே வருவான். நம் பையன் அந்த நூறு தடவைக்கு எங்கே போவான்?

என் கதையைச் சொல்கிறேன். படிவம் 5 வரைக்கும் பள்ளி, மாவட்டம், மாநிலம் என்று ஓடினேன். எஸ்.பி.எம். முடிந்தது. பள்ளி அணி இல்லை. அடுத்த ஆண்டு முழுவதும் நான் எத்தனை ஆட்டம் ஆடினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அது இன்னும் வீட்டில் இருக்கிறது. பதினொன்று. அதில் ஐந்து, போட்டிக்கு மூன்று வாரம் முன்பு எங்களைத் திரட்டிவிட்டு ஆடவைத்த பயிற்சி ஆட்டங்கள். பகலில் ஒரு கிடங்கில் வேலை, இரவில் நண்பர்களோடு சிமெண்ட் கோர்ட். முழங்கால் இருபத்திரண்டு வயதிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் என்னோடு வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர், ஊரில் ஒரு சின்னக் கல்லூரி அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர். அவர் அதே வயதில் ஒரே ஆண்டில் நாற்பது ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கிறார். நான் ஒரு மாநிலத்துக்கு ஆடியவன். எண்ணிக்கையைப் பாருங்கள்.

அவர்கள் நாட்டில் கல்லூரிகளுக்கான போட்டி 1924இலேயே தொடங்கிவிட்டது. 1975இல் ஆசியாவின் முதல் தொழில்முறை லீக்கையும் அவர்கள்தான் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தை நாம் ஓர் ஆண்டில் தாண்ட முடியாது, சரி. இந்தோனேசியாவைப் பார்க்கலாமே. சீ விளையாட்டில் பிலிப்பைன்ஸ் 1977இல் சேர்ந்த பிறகு ஆண்கள் தங்கத்தை அவர்களிடமிருந்து பறித்தவை இரண்டே நாடுகள். 1979இலும் 1989இலும் நாம், 2022 ஹனோயில் இந்தோனேசியா. இறுதியாட்டம் 85-81. அது ஒரே நாளில் வரவில்லை. இளம் வீரர்களைக் கொண்ட தேசிய அணியையே இந்தோனேசியா பேட்ரியட்ஸ் என்று பெயர் வைத்து 2020இல் தங்கள் உள்நாட்டு லீக்கில் இறக்கினார்கள். பெரிய கிளப்புகளோடு வாரா வாரம் மோதவிட்டார்கள். தோற்றார்கள், மறுபடி ஆடினார்கள். முகாமில் மூன்று வாரம் கூம்பை வைத்து ஓடுவதும் அதுவும் ஒன்றாகுமா?

உயரம் பற்றிக் கேட்டீர்கள். 2023 உலகக் கிண்ணத்தில் ஒக்கினாவாவில் ஜப்பான் பின்லாந்தை 98-88 என்று வென்றது. அன்றைக்கு 25 புள்ளி எடுத்த யூகி கவாமுராவுக்கு உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். உங்கள் மகனைவிட ஒரு கைப்பிடிக்கு மேல் குட்டை. ஜப்பானின் நிலை அதற்கு முன் எப்படி இருந்தது தெரியுமா? உள்நாட்டில் இரண்டு லீக் போட்டி போட்டுக்கொண்டு சண்டை. 2014இல் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா அந்த நாட்டையே இடைநீக்கம் செய்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் இரண்டையும் ஒன்றாக்கி 2016இல் பி.லீக் தொடங்கினார்கள். ஏழே ஆண்டில் உலகக் கிண்ணத்தில் ஐரோப்பிய அணியை வென்றார்கள், அப்படியே பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றார்கள். பிள்ளைகள் வளர்ந்து உயரமாகிவிடவில்லை. ஆடும் இடம் வந்தது.

நம்மிடமும் இப்போது மேஜர் கூடைப்பந்து லீக் இருக்கிறது. அது நடப்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது, மீதி மாதங்கள் காலி. நான் கேட்பது ஒன்றுதான். இருபத்து மூன்று வயதுக்குட்பட்ட தேசிய அணியை அந்த லீக்கில் ஒரு முழு அணியாக இறக்குங்கள். முதல் ஆண்டு எல்லா ஆட்டத்திலும் தோற்கட்டும். 2027 சீ விளையாட்டு நம் நாட்டில்தான் நடக்கப்போகிறது, அதற்கு மூன்று வாரம் முன்பு மட்டும் ஆள் திரட்டக்கூடாது.

அண்ணே, இன்னொரு விஷயம். உங்கள் தாமான் கோர்ட்டில் வளையத்தின் உயரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். ஏன் சொல்கிறேன் என்று அளந்த பிறகு எழுதுகிறேன்.


ஸ்கூடாய்_பையன்
வெள்ளி, மதியம் 1.05

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? நல்ல வெளிநாட்டு வீரர் ஒருவருக்குக் குடியுரிமை கொடுத்தால் முடிந்தது. இந்தோனேசியாவும் அப்படித்தான் செய்தது, கம்போடியாவும் 2023இல் அப்படித்தான் இறுதியாட்டம் வரை வந்தது.


பழைய_7
வெள்ளி, மாலை 5.50

தம்பி, கம்போடியா இறுதியாட்டம் வந்தது உண்மை. ஆனால் ஃபிபா நடத்தும் போட்டிகளில் பதினாறு வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் ஓர் அணியில் ஒருவர்தான் இருக்கலாம். அப்புறம் நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வருகிறவர் தன் பழைய கடப்பிதழைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். அப்படி வருகிறவர் எத்தனை பேர்?

சரி, ஒருவர் வந்தே விட்டார் என்று வைத்துக்கொள். பழைய அனுபவம் நமக்கு இருக்கிறது. 2016இல் நம் மலேசியா டிராகன்ஸ் கிளப் ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்றது. சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸோடு ஐந்தாவது ஆட்டம் வரை போய் 3-2 என்று எடுத்தோம். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை, அவ்வளவு ஆனந்தம். ஆனால் அந்த அணியில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தியவர் ஜேசன் பிரிக்மேன். தூரத்திலிருந்து எறிந்தவர் மேத்யூ ரைட். இருவருமே பிலிப்பைன்ஸ் வம்சாவளி. நம் பையன்கள் ஓடினார்கள், தடுத்தார்கள், மூலையில் போய் நின்றார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் முடிவெடுக்கும் பொறுப்பு அவர்களுக்கு வரவேயில்லை. 2020இல் கோவிட் வந்து அந்த லீக் பாதியில் நின்றதும் கையில் என்ன மிச்சம்? கிண்ணம் இருந்தது, பந்தைக் கொண்டுவரத் தெரிந்த ஆள் இல்லை.

அதற்காக டிராகன்ஸை நான் குறை சொல்லமாட்டேன். குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி என்று நம் பெயர்கள் அந்த ஜெர்சியின் முதுகில் இருந்ததைப் பார்த்துத்தான் செந்தூலில் பல பிள்ளைகள் பந்தைத் தொட்டார்கள். எனக்கு அது பெரிய விஷயம். குடியுரிமை ஆட்டக்காரர் வரட்டும், ஆனால் வளையத்துக்கு அருகில் ஆடும் சென்டராக வரட்டும். பந்து நம்மவன் கையில் இருக்கட்டும்.


செராஸ்_மேசை
வெள்ளி, இரவு 9.15

7ஆம் எண் அண்ணாவோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் இரண்டு விஷயம் விட்டுப்போயின.

நான் பதினான்கு ஆண்டாக மேசை அதிகாரி. புள்ளித்தாள் எழுதுவேன், கடிகாரம் பார்ப்பேன். ஒரு நாளைக்கு நான்கு ஆட்டம்கூட உட்கார்ந்திருக்கிறேன். ஆட்டம் எங்கே கைநழுவுகிறது என்று தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதலாவது, ஃபவுல். ஒரு காற்பகுதியில் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு. நம் இளைஞர் அணிகளில் பல, பத்து நிமிடக் காற்பகுதியின் ஐந்தாவது நிமிடத்திலேயே அந்தக் கட்டத்தை நிரப்பிவிடும். கால் களைத்ததும் கை நீள்கிறது. காலால் தடுக்க வேண்டியதைக் கையால் தடுக்கிறார்கள். மூன்றாம் காற்பகுதியில் என் பேனா ஃபவுல் கட்டத்தை விட்டு நகராது. அது உடல் தகுதிக் குறை. திறமைக் குறை இல்லை. பயிற்சியாளர்கள் எறிவதைப் பார்க்கிறார்கள், முழங்கால் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இரண்டாவது, பெண்கள். நீங்கள் எல்லாரும் தேசிய அணி தேசிய அணி என்று ஆண்களை மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. சீ விளையாட்டில் நம் பெண்கள் தங்கத்தை வரிசையாக எடுத்தவர்கள். 2017இல் கோலாலம்பூரிலும் எடுத்தார்கள், அதே மாபா அரங்கத்தில். பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு முதல் தங்கமே 2019இல்தான் வந்தது. ஏன் நம் பெண்களால் முடிந்தது? ஒரே கூட்டம் பல ஆண்டு கலையாமல் சேர்ந்து ஆடியது. ஒருத்தி திரும்பிப் பார்க்காமலே பாஸ் கொடுப்பாள், இன்னொருத்தி அங்கே இருப்பாள். அந்தப் பழக்கம் தானாக வந்துவிடாது. அதற்கான நேரத்தை அவர்களுக்குக் கொடுத்தோம்.

அதே சமயம், மற்ற நாடுகள் அப்போது பெண்கள் பக்கம் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறார்கள். 2023இல் இந்தோனேசியப் பெண்கள் தங்கம் எடுத்தார்கள். நம் பெண்களுக்கு வயதாகிறது, பின்னால் வரிசை மெலிந்திருக்கிறது. ஆண்கள் அணியில் 1989க்குப் பிறகு நடந்தது பெண்கள் அணியில் இப்போது நடக்கத் தொடங்கியிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

பட்டர்வொர்த் அண்ணா, உங்களுக்கு மகள் இருந்தால் அவளையும் கோர்ட்டுக்கு அழைத்துப் போங்கள்.


நிபோங்_திபால்_ஆசிரியர்
சனி, காலை 10.30

அனைவரும் பதினேழு வயதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஏழு வயதைப் பற்றி எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி கற்பிக்கிறேன். நாட்டில் ஐந்நூறுக்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நான் போய்வந்தவற்றில் திடல் உண்டு, கால்பந்து உண்டு, பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து உண்டு. கூடைப்பந்து வளையம் உள்ள பள்ளியை விரல்விட்டு எண்ணலாம். சீனப் பள்ளிக்குப் போனால் நுழைந்ததும் கண்ணில் படுவது கூடைப்பந்து கோர்ட். சபை கூடுவதும் அதிலேதான், விளையாடுவதும் அதிலேதான். அவசரகாலத்தில் சீனர்களைக் குடியமர்த்தி உருவான புதுக்கிராமங்களிலும் அப்படித்தான், ஊருக்கு நடுவில் ஒரு கோர்ட். மாலையில் தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், பேரன் எறிந்துகொண்டிருப்பான். அந்தச் சமூகம் எழுபது ஆண்டாகத் தன் கைக்காசைப் போட்டு இந்த விளையாட்டைக் காப்பாற்றி வந்திருக்கிறது. தேசிய ஆண்கள் போட்டிக்கு ஆகோங் கிண்ணம் என்று பெயர், பெண்கள் போட்டிக்கு லும் முன் சாக் கிண்ணம் என்று பெயர். அதைக் குறையாக யாரும் சொல்லக்கூடாது. நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் முப்பது மில்லியனுக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில், மற்ற பிள்ளைகள் அந்தக் கோர்ட்டை எட்டிப் பார்க்க ஒரு நண்பன் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. பட்டர்வொர்த் நண்பர் மகனுக்கு ஒரு நண்பன் கிடைத்தான். கிடைக்காத பிள்ளைகள்?

மூன்று ஆண்டுக்கு முன் எங்கள் பள்ளியில் ஒரு வளையம் வைத்தோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசினேன். ஒரு மாணவியின் அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பழைய இரும்புக் குழாயை வெட்டிக் கம்பம் செய்தார், பத்து மில்லிமீட்டர் கம்பியை வளைத்து வளையம் ஆக்கினார். பலகைக்கு மழை தாங்கும் ஒட்டுப்பலகை. வலை மட்டும் கடையில் வாங்கியது இரண்டு மாதத்தில் நைந்துவிட்டது. சுங்கை ஊடாங்கில் மீன்பிடிக்கும் ஒரு தாத்தா நைலான் கயிற்றில் பின்னிக் கொடுத்தார். அது இன்னும் அப்படியே இருக்கிறது. பந்து அந்த வலைக்குள் விழும்போது வரும் சத்தத்துக்காகவே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

வளையத்தை நாங்கள் 2.60 மீட்டரில் வைத்தோம். சிறு பிள்ளைகளுக்கு ஃபிபா சொல்லும் அளவு அதுதான். பந்தும் 5ஆம் எண் பந்து. இதைப் பலர் கவனிப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் 7ஆம் எண் பந்தைக் கொடுத்து, 3.05 மீட்டர் வளையத்தில் எறி என்றால் என்ன செய்வான்? இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி வீசுவான். போய்ச் சேர வேறு வழி இல்லை. அந்தப் பழக்கம் கையில் ஊறிவிடும். பதினைந்து வயதில் அதை மாற்றப் பயிற்சியாளர் படாத பாடு படுவார். எங்கள் வளையத்தில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நெற்றிக்கு மேலிருந்து ஒரு கையால் எறிகிறார்கள், மணிக்கட்டு மடங்கி நிற்கிறது. யாரும் அதட்டிச் சொல்லித்தரவில்லை. உயரமும் எடையும் சரியாக இருந்ததால் உடம்பே கற்றுக்கொண்டது.

தேசிய அணி பயிற்சியாளருக்கு என்ன சம்பளம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வளையத்துக்கு ஆன செலவு தெரியும். குழாய், பலகை, சிமெண்ட், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 380 ரிங்கிட்.


பழைய_7
சனி, மதியம் 12.10

ஆசிரியர் ஐயா, அந்த நைலான் வலையைப் படம் எடுத்துப் போடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். கிழிந்த வலையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

செராஸ் தங்கச்சி, பெண்கள் பற்றி நான் எழுதாதது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஃபவுல் பற்றி நீ எழுதியதை என் பிள்ளைகளுக்கு இன்று மாலையே வாசித்துக் காட்டுகிறேன்.


பட்டர்வொர்த்காரன்
ஞாயிறு, இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் மகனுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அந்த மூலைக் காட்சி வந்ததும், "நிறுத்துப்பா, இன்னொரு தடவை படி" என்றான். போன ஆண்டு மாவட்ட அரையிறுதியில் இவன் அணியின் கார்ட் அதே இடத்தில்தான் மாட்டினானாம்.

இன்று காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் இருவரும் அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு தாமான் கோர்ட்டுக்குப் போனோம். நாடாவின் நுனியைத் துடைப்பக் கம்பில் கட்டி அவன் தூக்கிப் பிடித்தான், நான் கீழே படித்தேன். சாலைப் பக்க வளையம் 3.01. அவன் எப்போதும் எறியும், மரத்தடிப் பக்க வளையம் 2.93. நம்பாமல் மூன்று தடவை அளந்தோம். பக்கத்து வீட்டு அங்கிள் காரணத்தைச் சொன்னார். இந்தப் பன்னிரண்டு ஆண்டில் கோர்ட்டுக்கு இரண்டு தடவை புதிதாகச் சிமெண்ட் பூசினார்கள். மரத்தடிப் பக்கம் தண்ணீர் தேங்கும் என்று அங்கே கூடுதலாகக் கொட்டினார்கள். தரை உயர்ந்தது, கம்பம் இருந்த இடத்திலேயே இருந்தது.

பன்னிரண்டு சென்டிமீட்டர். தினமும் இருநூறு தடவை அந்த வளையத்துக்கு எறிந்து பழகிய கை, சரியான வளையத்துக்குப் போனால் பந்து முன் விளிம்பில் படாமல் வேறென்ன செய்யும்? பதற்றம் என்று நான் கடிந்துகொண்டது இப்போது நெஞ்சை அறுக்கிறது. அங்கேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நாடாவைச் சுற்றிக்கொண்டே சிரித்தான்.

7ஆம் எண் தம்பி, இதற்குத்தானே அளக்கச் சொன்னீர்கள்?

எஸ்.பி.எம். முடிந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தேன். இப்போதே புக்கிட் மெர்தாஜாமில் வார இறுதியில் பெரியவர்கள் ஆடும் ஒரு கூட்டத்தில் இவனைச் சேர்க்கப் பேசிவிட்டேன். முப்பது வயதுக்காரர்கள், உடம்பைக் கொடுத்து ஆடுவார்கள். போகும்போதும் வரும்போதும் நானே மோட்டாரில் கூட்டிப்போவேன். ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் என்று அவனும் ஒரு நோட்டு போட்டிருக்கிறான். இன்று மாலை முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு ஒன்று என்று எழுதினான். 31-44, தோல்வி.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். அந்த வெல்டிங் பட்டறைக்காரர் பட்டர்வொர்த் வரை வருவாரா? கம்பத்தின் மேல்பகுதியை வெட்டிப் பன்னிரண்டு சென்டிமீட்டர் துண்டு ஒன்று சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். தாமான் ஆட்களிடம் சொல்லிவிட்டேன், காசு சேர்ந்துகொண்டிருக்கிறது. வலையும் இரண்டு வேண்டும்.